நோவைச் சொல்வதும் சிகிச்சையே: தைரொயிட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் நாள்கள்

பலெர்மோ வாழ் தமிழ் மக்களுக்கான சுகாதார விளக்க உரையின் எழுத்து வடிவம்



கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அதில் கட்டி உண்டாகும்போதும், அது பெருத்துக் கழலையாகும்போதும், அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும்போதும், புற்றுநோய் காணப்படும்போதும் அதன் ஒரு பாதியையோ முழுவதையுமோ அகற்ற நேர்கிறது. இந்நோய்கள் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியும் பற்றுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிருக்கு உலை வைப்பதாக அஞ்சப்பட்ட இச்சத்திரசிகிச்சையைப் பாதுகாப்பானதாக்கிய பெருமை சுவிற்சர்லாந்தின் தியோடோர் கோக்கருக்கு உரியது. அப்பணிக்காக அவருக்கு 1909 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று பெரும்பாலானோர் ஓரிரு இரவுகளில் வீடு திரும்புகின்றனர்.

இவ்வுரை சத்திரசிகிச்சையைப் பற்றியதன்று. அதற்குப் பின்வரும் முதல் சில நாள்களைப் பற்றியது. அந்நாள்களில் நோயாளியை வருத்துபவை இரண்டு: ஒன்று நோவு, மற்றையது ஓங்காளமும் சத்தியும். இரண்டையும் அடக்க நல்ல மருந்துகள் உள்ளன. ஆயினும் நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றி அம்மருந்துகள் உரிய வேளையில் உரிய அளவில் வந்து சேரமாட்டா.

“பரவாயில்லை” என்னும் விடை

வைத்தியசாலையில் காலை வேளையில் தாதி கட்டிலருகே வந்து “கோமே ஸ்தா?” என்று நலம் விசாரிக்கிறார். தமிழ்ப் பெண்ணொருவர் சற்றே புன்னகைத்து “பேனே” என்கிறார். எச்சிலை விழுங்குவதற்கே அவர் அஞ்சிக்கொண்டிருக்கக்கூடும். இரவு முழுவதும் வயிற்றைப் பிரட்டியிருக்கவும் கூடும். ஆயினும் பிறருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்ற எண்ணமும், மொழி தடுமாறும் என்ற கூச்சமும், பொறுத்துக்கொள்வதே பண்பு என்ற வளர்ப்பும் சேர்ந்து அந்த ஒரு சொல்லை வருவிக்கின்றன. தாதி அதனை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் செல்கிறார்.

பொறுமை தமிழரிடையே போற்றப்படும் குணம். நல்லூரில் காவடி எடுத்தவர்களும், சாந்தா ரொசாலியா அன்னைக்கு நேர்ந்துகொண்டு மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் வெறுங்காலுடன் ஏறுபவர்களும் வருத்தத்தைத் தாங்கும் வல்லமை உடையவர்களே. ஆனால் நேர்த்திக்கடனில் தாங்கும் நோவு, மனிதர் தாமே விரும்பி ஏற்பது. சத்திரசிகிச்சையின் பின்வரும் நோவோ உடல் அனுப்பும் செய்தி. அச்செய்தியை மறைத்தால் வைத்தியர் தவறான வழியிற் செல்லவே இடமாகும்.

சட்டம் கூறுவது

இத்தாலியில் நோவு தீர்க்கப்படுவது வைத்தியரின் இரக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. 2010 மார்ச் 15 ஆம் திகதிய 38 ஆம் இலக்கச் சட்டம், நோவு தணிக்கும் சிகிச்சையைப் பெறுவதை ஓர் உரிமையாக நிலைநாட்டியுள்ளது. அச்சட்டத்தின் 7 ஆவது பிரிவின்படி, நோயாளியின் நோவு எத்தகையது, அது நாளுக்கு நாள் எவ்வாறு மாறியது, அதற்கு எம்மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, அதனால் என்ன பலன் கிடைத்தது என்பவை ‘கார்த்தெல்லா கிளினிக்கா’ எனப்படும் சிகிச்சைப் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் அளக்கப்படுவதுபோல நோவும் அளக்கப்பட வேண்டியதாகும்.

2017 டிசம்பர் 22 ஆம் திகதிய 219 ஆம் இலக்கச் சட்டம் இன்னொன்றையும் கூறுகிறது. வைத்தியரும் நோயாளியும் உரையாடும் நேரமும் சிகிச்சைக்குரிய நேரமே என்பது அதன் கருத்து. எனவே கேள்வி கேட்பவர் எவரும் வைத்தியரின் நேரத்தை வீணாக்குபவர் ஆகார். விளங்காத மொழியில் சொல்லப்பட்டதற்கு ஒப்பம் இட வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை. ‘மெதியாத்தோரே கூல்த்துராலே’ எனப்படும் மொழி, பண்பாட்டு உதவியாளரின் துணை கிடைக்குமா என்பதை அனுமதிக்கு முன்னரே வைத்தியசாலையில் விசாரித்துக்கொள்ளலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது உகந்ததன்று. தாயின் நோயைத் தன் வாயாற் சொல்ல நேரும் பிள்ளை அஞ்சும்; தாயும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பாதியை மறைப்பார்.

வதிவிட அனுமதிப் பத்திரம் இல்லாதோரும் அவசரமானதும் இன்றியமையாததுமான சிகிச்சையைப் பெறலாம். 1998 ஆம் ஆண்டின் 286 ஆம் இலக்கச் சட்ட ஆணையின் 35 ஆவது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. அவர்களுக்கு ‘எஸ்.டி.பி.’ எனப்படும் குறியீட்டு எண் வழங்கப்படும். சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காக அவரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவித்தலும் அப்பிரிவினால் தடுக்கப்பட்டுள்ளது. சட்டம் வேறாகக் கட்டாயப்படுத்தும் சூழ்நிலைகள் மட்டுமே இதற்கு விலக்கு.

நோவு எங்கே, எவ்வளவு

இச்சத்திரசிகிச்சையின் நோவு பெரும்பாலும் நடுத்தரமானது. முதல் 24 மணி நேரத்தில் மிகுந்து, பின்னர் நாளுக்கு நாள் குறையும். காயத்தில் மட்டுமன்றி வேறு இடங்களிலும் அது தோன்றும். மயக்கத்தின்போது மூச்சுக்காகச் செலுத்தப்பட்ட குழாயினால் தொண்டை கரகரத்து நோகும். மேசையில் கழுத்தைப் பின்னோக்கி வளைத்து வைத்திருந்தமையால் பிடரியும் தோள்களும் உளையும், தலையிடியும் வரலாம். விழுங்கும்போதும் இருமும்போதும் காயம் இழுபடும்.

நோவை அளக்க 0 முதல் 10 வரையான எண்கள் கையாளப்படுகின்றன. 0 என்றால் நோவு இல்லை. 10 என்றால் எண்ணிப் பார்க்கக்கூடிய மிகக் கொடிய நோவு. மொழி தெரியாதவரும் விரல்களால் இதனைக் காட்டலாம். இரண்டு எண்களைச் சொல்வது நன்று: அசையாது படுத்திருக்கும்போது எவ்வளவு, விழுங்கும்போது எவ்வளவு. படுத்திருக்கையில் 2 ஆக இருப்பது விழுங்குகையில் 7 ஆகலாம். முதல் எண்ணை மட்டும் கேட்டவர் மருந்து தேவையில்லை என்று கருதிவிடுவார். இரண்டாவது எண்ணையும் கேட்டவர், உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக மருந்து கொடுக்க ஏற்பாடு செய்வார்.

வைத்தியசாலையில் முதன்மையாகக் கொடுக்கப்படும் மருந்து பரசிற்றமோல். அது போதாதபோது வேறு மருந்துகளும் சேர்க்கப்படும். காயத்தைச் சுற்றி விறைப்பு மருந்து செலுத்தும் முறையும் உண்டு. மோர்பின் வகை மருந்துகள் கடும் நோவை அடக்க வல்லவை. ஆனால் அவை ஓங்காளத்தைக் கூட்டும். ஆகவே வைத்தியர்கள் பல சிறு மருந்துகளைச் சேர்த்து, மோர்பின் வகையை இயன்றவரை குறைக்க முயல்கின்றனர். நோவு முற்றிய பின்னர் அதனை அடக்க வலிய மருந்து வேண்டும். தொடக்கத்திலேயே சொன்னவருக்குச் சிறிதே போதும்.

மருந்தன்றி எளிய துணைகளும் உண்டு. தலைப்பக்கம் சற்று உயர்த்தப்பட்ட கட்டிலில் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். எழும்போது ஒரு கையைத் தலையின் பின்புறத்திற்கு அணையாகக் கொடுத்தால் காயம் இழுபடாது. துணியிற் சுற்றிய குளிர்ப்பொதியை வைத்தியரின் அனுமதியுடன் சிறிது நேரம் வைக்கலாம்.

ஓங்காளமும் சத்தியும்

சத்தி வருவது எல்லாச் சத்திரசிகிச்சைக்கும் உரியதுதானே என்று பலர் எண்ணுகின்றனர். கழுத்தில் செய்யப்படும் சத்திரசிகிச்சையில் அது தனிக் கவனத்துக்குரியது. ஓங்காளித்துச் சத்தி எடுக்கும்போது கழுத்து நாளங்களில் இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. புதிதாகக் கட்டப்பட்ட சிறு குழாய்களிலிருந்து குருதி கசிய அது காரணமாகலாம். எனவே சத்தியைத் தடுப்பது நோயாளியின் வசதிக்காக மட்டுமன்று, அவருடைய பாதுகாப்புக்காகவுமாகும்.

யாருக்குச் சத்தி வரும் என்பதைப் பெரிதும் முன்கூட்டியே கணிக்கலாம். 1999 இல் கிறிஸ்தியான் அப்ஃபெல் என்னும் மயக்கமருந்து வைத்தியரும் அவருடைய சகாக்களும் நான்கு கூறுகளைக் கொண்ட எளிய அளவுகோலொன்றை வெளியிட்டனர். பெண்ணாக இருத்தல், புகை பிடிக்காதிருத்தல், முன்னர் சத்திரசிகிச்சையின் பின் சத்தி எடுத்திருத்தல் அல்லது பயணத்தில் சத்தி எடுக்கும் இயல்பு, சத்திரசிகிச்சையின் பின் மோர்பின் வகை மருந்து பெறுதல் என்பவை அவை. இவற்றுள் ஒன்றும் இல்லாதவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கே ஓங்காளமோ சத்தியோ வரும். ஒன்று இருந்தால் 20 பேருக்கும், இரண்டிருந்தால் 40 பேருக்கும், மூன்றிருந்தால் 60 பேருக்கும், நான்கும் இருந்தால் 80 பேருக்கும் வரும்.

இவ்வளவுகோலைத் தமிழ்ப் பெண்கள் தமக்குத் தாமே பொருத்திப் பார்த்தல் நன்று. அவர்களுட் பெரும்பாலோர் புகை பிடிப்பதில்லை. ஆகவே இரண்டு கூறுகள் தொடக்கத்திலேயே உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் செல்லும்போது பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் அமர்ந்தவர் என்றால் மூன்றாவதும் உண்டு. வளைந்து வளைந்து செல்லும் சிசிலி மலைப்பாதையில் தலைசுற்றிச் சத்தி எடுப்பவரும் அவ்வாறே. இதனைச் சொல்ல வேண்டிய இடம், சத்திரசிகிச்சைக்கு முன்னர் மயக்கமருந்து வைத்தியரைச் சந்திக்கும் வேளையாகும். “பயணத்தில் எனக்குச் சத்தி வரும்” என்ற ஒரு வாக்கியம், தடுப்பு மருந்தின் தெரிவையே மாற்றக்கூடும். டெக்சாமெதசோன், ஒன்டன்செற்றோன் ஆகிய மருந்துகள் மயக்கத்தின்போதே கொடுக்கப்படுவன. இரண்டு சேர்ந்து செயற்படும்போது ஒன்றைவிட மிகுந்த பலன் தரும்.

கண் விழித்த பின்னரும் ஓங்காளம் இருந்தால் சத்தி வரும்வரை காத்திருத்தல் கூடாது. வாய் ஊறத் தொடங்கும்போதே மணியை அழுத்தித் தாதியை அழைக்க வேண்டும். சட்டென எழுந்து உட்காராமல், தலையை உயர்த்தி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுதல் உதவும். உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரற்கடை தள்ளி, இரு நாண்களுக்கு நடுவே அழுத்திப் பிடிப்பதும் பலருக்கு ஓங்காளத்தைத் தணிக்கிறது. அதனால் தீங்கு ஏதுமில்லை.

சொல் மாறினால் பொருள் மாறும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கை வந்தார். அவர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். உடலின் வருத்தத்தைத் தாய்மொழியிற் சொல்ல முடிந்தாற்றான் அது சரியாக விளங்கும் என்பதற்கு அவருடைய பணி ஒரு சான்று. தமிழில் நோவுக்குச் சொற்கள் நிறைய உள: குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, இறுக்கம், விறைப்பு. இத்தாலிய மொழியிலும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. குத்து ‘ஃபித்தா’, எரிவு ‘புருச்சோரே’, ஓங்காளம் ‘நௌசெயா’, சத்தி ‘வோமிதோ’. விழுங்கும்போது நோகிறது என்பதற்கு “ஓ தொலோரே குவாந்தோ இங்கோயோ” என்று சொல்லலாம்.

ஒரு சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஈழத்தமிழர் “விறைக்குது” என்றால் உணர்வு மரத்துப்போகிறது என்று பொருள். தமிழகத்தில் வளர்ந்தவருக்கோ விறைப்பு என்பது வளையாத தன்மை. மொழிபெயர்ப்பவர் அதனை ‘ரிஜிதித்தா’ என்று கூறிவிட்டால், பிடரி பிடித்திருக்கிறது போலும் என்று வைத்தியர் எண்ணி, நோவு மருந்தை மட்டும் கொடுப்பார். நோயாளி உண்மையிற் சொன்னதோ, உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்பதாகும். அதற்கு உரிய சொல் ‘ஃபோர்மிக்கொலீயோ’. சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு, அதன் பின்புறமுள்ள நான்கு சிறு சுரப்பிகள் சோர்வடைவதால் இரத்தத்தில் கல்சியம் குறையலாம். ஊர்தலும் மரத்தலும் தசைப் பிடிப்பும் அதன் அறிகுறிகள். பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுள், வீடு திரும்பிய பின்னரும்கூட அவை தோன்றும். உடனே சொன்னால் இரத்தப் பரிசோதனையாலும் கல்சியத்தாலும் சரிசெய்யப்படும். சொல்லாவிட்டால் வலிப்பு வரை செல்லலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

நூற்றில் ஒருவர் அளவில், சத்திரசிகிச்சையின் பின் கழுத்தினுள்ளே குருதி கசிந்து தேங்குகிறது. பெரும்பாலும் முதல் நாளிலேயே இது நேரும். தேங்கிய குருதி மூச்சு வழியை நெருக்கினால் உயிராபத்து. கழுத்து விரைவாக வீங்குதல், இறுக்கம் கூடிக்கொண்டே போதல், திடீரெனக் கூடும் நோவு, குரல் மாறுதல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். வைத்தியசாலையில் இருப்பவர் “நொன் ரியெஸ்கோ அ ரெஸ்பிராரே” என்று உரத்துச் சொல்ல வேண்டும்; மூச்சு விட முடியவில்லை என்பது அதன் பொருள். வீட்டில் இருப்பவர் குடும்ப வைத்தியருக்காகவோ விடியும் வரையிலோ காத்திராமல் 112 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும், அழைப்பு இலவசம்.

காயம் சிவந்து சூடாகிச் சீழ் வடிதல், காய்ச்சல், நிற்காத சத்தி, நீர் கூட உள்ளே தங்காமை என்பவற்றுக்கு அன்றே வைத்தியரை நாட வேண்டும். குளிசையைச் சத்தியோடு வெளியேற்றியவர் தாமாகவே மீண்டும் விழுங்காமல் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.

வீட்டில்

இத்தாலியில் ‘தாக்கிப்பிரீனா’ என விற்கப்படுவதும், ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் ‘பனடோல்’ என்பதும் ஒன்றே, இரண்டும் பரசிற்றமோல். இதனை அறியாமல் இரண்டையும் சேர்த்து எடுப்போர் அளவை மீறிவிடக்கூடும். அதனால் ஈரல் கெடும். இத்தாலியில் வளர்ந்தோருக்கு ஒரு நாளைய உச்ச அளவு 3,000 மில்லிகிராம், அதாவது 1,000 மில்லிகிராம் குளிசைகள் மூன்று. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அதனிலும் குறைவாகவே வைத்தியர் விதிப்பார். ‘ஓக்கி’, ‘மொமெந்த்’, ‘புரூஃபென்’ ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. அயலவர் தந்தார் என்று அவற்றை எடுத்தல் ஆகாது. ஊரில் தலையிடிக்கு எடுக்கும் ‘டிஸ்பிரின்’ அஸ்பிரினாகும். அது குருதி உறைவதைத் தடுப்பது. அதனை எடுக்கும் பழக்கம் உள்ளவர் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். இதயநோய்க்காக எழுதிக்கொடுக்கப்பட்ட அஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. மூலிகைக் குடிநீர்களையும் மருந்துப் பட்டியலிற் சேர்த்தே சொல்ல வேண்டும். காயத்தின் மேல் மஞ்சளோ பற்றோ இடலாகாது.

உணவில் கடும் பத்தியம் தேவையில்லை, மென்மையே தேவை. ஆறிய கஞ்சி, நன்கு நனைந்த இடியப்பமும் உறைப்பில்லாச் சொதியும், தயிர், குழைந்த சோறு என்பன எளிதில் இறங்கும். பலெர்மோவின் கடைகளில் கிடைக்கும் வாதுமைக் கிரனீத்தா தொண்டைக்கு இதம் தரும். எலுமிச்சையிலானது சிலருக்கு எரிவைத் தரலாம். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுதல் ஓங்காளத்தையும் தடுக்கும். சுரப்பிக்கு ஈடாகத் தரப்படும் தைரொட்சின் குளிசையை வெறும் வயிற்றில், நீருடன், காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் எடுக்க வேண்டும். பால்தேநீருடன் எடுத்தல் கூடாது. கல்சியக் குளிசைக்கும் அதற்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டிருப்போர், வேலை போய்விடுமோ என்றஞ்சி, நோவுடனேயே திரும்பி முதியவரைத் தூக்கவும் தரை துடைக்கவும் தொடங்குகின்றனர். வீட்டுப் பணியாளருக்கான தேசிய கூட்டு ஒப்பந்தம் நோயுற்ற காலத்தில் வேலையைக் காக்கிறது. ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு ஆண்டு வரை பணிபுரிந்தவருக்கு 45 நாள்களும், இரண்டு ஆண்டைக் கடந்தவருக்கு 180 நாள்களும் அப்பாதுகாப்பு உண்டு. வைத்தியச் சான்றிதழைப் பெற்றுத் தொழில்தருநரிடம் காலந்தாழ்த்தாது சேர்ப்பிப்பது பணியாளரின் பொறுப்பு. மொன்தே பெல்லெக்ரீனோ நேர்த்தியையும் வைத்தியர் இசைவு தரும் வரை ஒத்திவைக்கலாம், அன்னை பொறுத்துக்கொள்வார்.

பதிவேட்டில் உண்மை

பலெர்மோவின் பல்கலைக்கழக வைத்தியசாலை பவுலோ ஜக்கோனே என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் சட்ட வைத்தியப் பேராசிரியர். கொலை வழக்கொன்றில் கைரேகை பற்றித் தாம் எழுதிய அறிக்கையை மாற்றும்படி மாபியாவினர் நெருக்கியபோது அவர் மறுத்தார். அதற்காக 1982 ஓகஸ்ட் 11 அன்று அவ்வைத்தியசாலை வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியப் பதிவொன்றில் உண்மை எழுதப்படுவதற்கு அவர் கொடுத்த விலை அது.

நோயாளியின் பதிவேட்டிலும் உண்மை எழுதப்படல் வேண்டும். அதனை எழுதும் கை தாதியுடையது. எழுத வேண்டிய சொல்லைத் தருவது நோயாளியின் வாய். பின்னர் தேவைப்பட்டால் அப்பதிவேட்டின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. “கோமே ஸ்தா?” என்று கேட்கப்படும்போது “பேனே” என்பது மரியாதைச் சொல். நோவு இருக்குமாயின் எண்ணைச் சொல்க; ஓங்காளம் இருக்குமாயின் அதன் பெயரைச் சொல்க. அவ்வாறு சொல்பவர் எவருக்கும் தொல்லை கொடுப்பவரல்லர். தம் சிகிச்சையில் தமக்குரிய பங்கைச் செய்பவரே ஆவார்.